புதுத்தண்ணி நிறம்

இன்று உன் படத்தை மாட்டியபோது கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், உன் புருஷனான என் தம்பி, உன் மகள், உன் அப்பா. தம்பி ஆணியை அடித்த வேகத்தில் சுவர்க்காரை பெயர்ந்து விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் உன் மகள் தோளை ஒடுக்கிக்கொண்டாள். உன் அப்பா தன் மூக்குக்கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பழுப்புப் படம். "அவளுக்குப் புடிச்ச கலரு, அக்கா," என்றான் தம்பி.

பிடித்த கலர்தான். போன ஆடிப்பெருக்குக்கு நீ பாபநாசத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாய். காவிரிப் படித்துறையில் என்னைப் போனில் படமெடுத்து, இரண்டு தட்டுத் தட்டினாய். என் மஞ்சள் சேலை, குங்குமம், பின்னால் ஆறு, எல்லாம் ஒரே பழுப்பு.

"என்னடி, புதுத்தண்ணியில முக்கி எடுத்த மாதிரி ஆக்கிட்ட?"

"இதுல அழுக்கு தெரியாது அண்ணி."

"என் மூஞ்சி அழுக்குங்கிற?"

சிரித்தாய். "பயப்படாதீங்க, அசல் உள்ளேயேதான் இருக்கும். இங்க அமுக்கினா திரும்ப வந்துடும்." என் விரலைப் பிடித்து அழுத்தியும் காட்டினாய்.

அதற்குப்பின் திருத்துறைப்பூண்டியிலிருந்து நீ அனுப்பிய உன் படமெல்லாம் பழுப்புதான். எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்புப் போட்டு வைத்தேன். சிவராத்திரிப் படத்தில் நெற்றிக் குங்குமம் புருவம்வரை வழிந்திருந்தது. பூசை மும்முரத்தில் கவனிக்கவில்லை போல என்று நினைத்தேன். "லட்சணமா இருக்கே" என்று பதில் போட்டேன்.

கிணற்றடியில் வழுக்கி மண்டை உடைந்து நீ செத்ததாகத் தம்பி சொன்னான். ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

படம் மாட்டியதும் அவன் உன் அப்பாவைப் பஸ் ஏற்றிவிடப் போனான். உன் மகள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த உன் போனை எடுத்துவந்தாள்.

"அம்மாவக் கலர்ல பாக்கணும் அத்தை."

நீ காட்டிய இடத்தில் அழுத்தினேன். கார்த்திகைப் படத்தில் கண்ணுக்குக் கீழே கத்தரிப்பூ நிறம். பொங்கலுக்கு எடுத்ததில் கழுத்தைச் சுற்றி விரல் தடம். சிவராத்திரியில் வழிந்தது குங்குமம் இல்லை; வகிடு பிளந்திருந்தது.

நான் சோறு ஊட்டி வளர்த்த தம்பியின் கை அது.

"என்னையும் ஒண்ணு எடுங்க அத்தை. அம்மா கலர்லயே," என்றாள் உன் மகள், சட்டைக்கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு.

மேலே தூக்கிப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் பெல்ட் அடி. தோல் உரிந்து ஈரம் காயவில்லை.

எடுத்தேன். நிறத்தை மாற்றவில்லை.

அவளை என்னோடு கூட்டிப்போகிறேன். அதற்கு உன்னைக் கேட்கவில்லை. ஆனால் நீ மூடிவைத்த முகத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் நாலு ஆண்களுக்கு முன்னால் திறந்துகாட்ட வேண்டியிருக்கும். அதற்குத்தான் கேட்கிறேன். அசல் உள்ளேயே இருக்கும் என்று நீ என்னிடம் சொன்னது இதற்காகத்தானா? விளக்கேற்றி உன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள் உன் மகள். அவன் வண்டி தெருவில் திரும்புவதற்குள் பதில் சொல்லிவிடு.