உன் கூறைச் சேலைக் கட்டம்

என் அன்பு அக்காவுக்கு,

முகம் பார்த்திராத உன்னை அக்கா என்று கூப்பிட எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நீ போனபின் உன் வீட்டுக்கு வாழ வந்தவள் நான். உன் மகள் செல்விக்குச் சின்னம்மா. அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. நம் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. அவர் அதே மல்லாட்டை மண்டியில்தான் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறார்.

நான் செய்த ஒரு தப்பை உன்னிடம் சொல்ல வேண்டும்.

பழந்துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து நீ தைத்த போர்வை இல்லாமல் செல்வி தூங்க மாட்டாள். அதில் உன் கூறைச் சேலைக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே படுப்பாள். தடவித் தடவி அது நூல் நூலாகியிருந்தது. அழுக்காயிருக்கிறதே என்று, அவளைக் கேட்காமலே செட்டிக்குளத்துக்கு எடுத்துப் போய்க் கல்லில் அடித்துத் துவைத்தேன். அந்தக் கட்டம் குறுக்கே கிழிந்துவிட்டது.

பள்ளி விட்டு வந்தவள் போர்வையை முகர்ந்து பார்த்தாள். "எங்கம்மா வாசன போயிடுச்சி" என்றாள். அவ்வளவுதான். நாலு நாள் என்னோடு பேச்சில்லை. வாசனையை எந்தக் கடையில் வாங்குவேன், அக்கா?

வேறு துணி வைத்துத் தைத்துவிடு என்றார் அவர். உன் சேலையை வெட்டி எறிய நான் யார்? நைந்த நூலெல்லாம் அப்படியே இருக்கட்டும், கிழிசல் மேல் ரிப்பன் வைத்துத் தைக்கலாம் என்று தோன்றியது. என்ன நிறம் வேண்டும் என்று செல்வியைக் கேட்டேன். அவள் தன் பின்னலில் இருந்த பச்சை ரிப்பனை அவிழ்த்து என் மடியில் போட்டாள்.

அடியில் மெல்லிய துணி கொடுத்து, மேலே ரிப்பனை வைத்துத் தைத்து, சுற்றிலும் சங்கிலித் தையலில் கொடி விட்டேன். அப்போதுதான் உன் தையலைக் கிட்டத்தில் பார்த்தேன். எல்லாம் என் தையலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. என் மனசு நோகுமோ என்று உன் பேச்சையே எடுக்காதவர், நான் கேட்டதும் தயங்கித்தான் சொன்னார். "அவ ஊசிய பீச்சாங்கையிலதான் புடிப்பா."

செல்வி இடது கையால் எழுதுகிறாள் என்று ஆறு மாதமாக அவள் கையைத் தட்டிக்கொண்டிருந்தேன், அக்கா. அது உன் கை என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அவளை அழைத்து அந்தத் தையலைக் காட்டினேன். "ஒங்கம்மாவுக்கும் எடது கைதான் செல்வி. இனிமே ஒன் கைய நான் தட்ட மாட்டேன்." ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசிக்காக இடது கையை நீட்டினாள். கொடியில் ஓர் இலை அவள் போட்டது; கோணலாக, மற்ற இலைகளைவிடப் பெரிதாக. கடைசியில் முடிச்சு விழவில்லை.

"சின்னம்மா, இத நீ போடு."

நாலு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

இப்படியொரு பிள்ளையைப் பெற்று என்னிடம் விட்டுப் போயிருக்கிறாய். நன்றி என்பது சின்னச் சொல்தான், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இனி உன் பேரைச் சொல்ல இந்த வீட்டில் யாரும் தயங்க மாட்டோம். உன்னைத் தெரிந்தவர்களையெல்லாம் தேடிப் போய்க் கேட்டு, நீ எப்படிச் சிரிப்பாய் என்பது வரைக்கும் அவளுக்குச் சொல்வேன்.

உன் மகளை உன்னோடு சேர்ந்து வளர்க்கும்
உன் தங்கை,
கமலா
செஞ்சி