மூக்கைப் பொத்தி ஊட்டியது

அந்தக் கையை ஒடித்துவிட வேண்டும். நேற்று உங்கள் அக்கா நம் ஆறு மாதக் குழந்தையை மல்லாத்தி, மூக்கைப் பொத்திக் கூழை ஊற்றியபோது நான் நினைத்தது இதுதான். பாப்பாவின் முகம் நீலம் பாரித்ததும் கண்ணாடிக் கிண்ணத்தைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான் ஊட்டுனாங்க, செத்தா போயிட்டோம்?" என்றீர்கள். எங்கள் வீட்டில் வெந்த கேரட்டைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பாதி தரைக்குத்தான் போகும். நானும் சாகவில்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பாப்பாவை என்னோடு தையல் கடைக்குத் தூக்கிப்போகிறேன்.

கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டேன். ஆனாலும் செருப்புப் போட்டு நடங்கள்.

இன்னொன்று. இன்று சாயங்காலம் அக்கா ஊட்டும்போது பாப்பாவின் கைகளை என்னை அமுக்கிப் பிடிக்கச் சொன்னீர்கள். நான் பிடிக்க மாட்டேன்.