பதினைந்தாவது இலை

சேசு மரி சூசை

குளுவாங்,
22 மார்ச் 1934

பிரியமுள்ள ஞானப்பூவுக்கு, உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சூசையம்மாள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். மடத்தில் நீயும் மற்றச் சகோதரிகளும் சுகமென நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. செல்லத்தை என் பொறுப்பில் விடுவதா வேண்டாமா என்பதை உங்கள் மதர் என் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார் என்று எழுதியிருக்கிறாய். அறுபத்தாறு வயது விதவைக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கொல்லையில் என்ன முளைத்திருக்கிறது, அதில் நஞ்சு எது என்று கேட்கிறார். சரியான கேள்விதான். பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் தாய் இறந்தபின், உங்களிடம் வந்து சேரும்வரை அந்தப் பிள்ளை கண்ட இலையையும் காயையும் தின்று பசியாறியவள். எட்டு வயதாகியும் கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறாள் என்றால் யாரும் கேட்பார்கள்.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் வீட்டுக்காரர் போனபின் இரண்டு வருஷம் நான் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ரப்பர் விலை விழுந்ததும் அடுத்த துண்டு நிலத்தில் பால்மரத்தைக் கீறிப் பாலெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்த காடு வேலி தாண்டி என் கொல்லைக்கு வந்துவிட்டது. செல்லத்தைக் கேட்டு உனக்கு எழுதிய அன்றே கூலியாள் வீரமுத்துவை வைத்துத் திருத்த ஆரம்பித்தேன். எதையும் பெயர் தெரியாமல் வெட்ட விடவில்லை. நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது போல முதலில் இலை, பிறகு தண்டு, பிறகு பூ, கடைசியில்தான் வேர். பதினான்கு இலைகளைப் பழைய ஜெபப் புத்தகத்தில் அழுத்திக் காயவைத்து, செடிதோறும் தகரத் துண்டில் பெயர் எழுதிக் கட்டினேன்.

பக்கத்து வீட்டு மீரா பீவியை உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஸ்டேஷனுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மனைவி. கிராணியம்மா புல் பூண்டுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்கிறாங்க, நாளைக்கு நம்ம ஆட்டுக்கும் குடுப்பாங்க என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பாள். ஆனால் மலாய்ப் பெயரெல்லாம் அவள் சொன்னதுதான்.

மதரிடம் சொல். வேலியில் குன்றிமணிக் கொடி இருந்தது. பிள்ளைகள் மணி கோக்க ஆசைப்படும் என்று வேரோடு பிடுங்கி எரித்துவிட்டேன். கிணற்றடியில் இருந்த காட்டுச்சேம்பு நாக்கில் பட்டால் ஊசி குத்தியது போல அரிக்கும், அதுவும் போயிற்று. ஊமத்தை ஒன்று, அதையும் பிடுங்கியாயிற்று. ரெங்காஸ் மரக்கன்று ஒன்று இருந்தது. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்பதால் கையில் துணி சுற்றித்தான் வெட்டச் சொன்னேன். செண்டுடுக் செடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதன் பழம் வாயை மை குடித்தது போலக் கறுப்பாக்கும், வேறு கெடுதல் செய்யாது. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒன்று பறித்துத் தின்ன இருக்க வேண்டும்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். மூன்று நாளாக முடிக்கத்தான் பார்த்தேன்.

போன வெள்ளிக்கிழமை, தபசு காலமாதலால் மாமிசம் கிடையாது. மழையில் மீன்காரனும் வரவில்லை. முருங்கைக்குக் குழி வெட்டிய வீரமுத்து ஒரு கிழங்கைக் கொண்டுவந்து வைத்தான். கொடியை முன்பே அறுத்து வேலியோரம் எறிந்துவிட்டானாம். உடம்பெல்லாம் சல்லிவேர், உள்ளே வெள்ளை. வள்ளிக்கிழங்கு என்று நானே பெயர் வைத்தேன். உப்புப் போட்டு அவித்துத் தேங்காய் துருவிப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டு துண்டு இறங்குவதற்குள் தொண்டை எரிந்தது. அப்புறம் சுவர் சுற்றியது.

சுளகைத் திருப்பிக் கொடுக்க வந்த மீரா பீவிதான் சட்டியைப் பார்த்தாள். அலமாக், இது காடோங் லா, ஆத்துத் தண்ணியில நாள்கணக்கா ஊறப்போட்டு நஞ்செடுக்காம இதை யாராச்சும் திம்பாங்களா, பதினாலு செடிக்குப் பேரெழுதின கைக்கு இது தெரியலையா என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ரோலண்டை இழுத்து வந்தாள். அவர் மருந்து கொடுத்து வாந்தியெடுக்க வைத்தார். இன்னும் நாலு துண்டு போயிருந்தால் என்னை விட்டுவிட்டுப் பாதிரியாரைத்தான் கூப்பிட்டிருப்பீர்கள் என்றார்.

ஞாயிறன்று எழுந்து நடக்க முடிந்ததும் வேலியோரம் போய் அந்தக் கொடியைத் தேடி எடுத்தேன். ஒரு காம்புக்கு மூன்று இலை, தண்டெல்லாம் முள். வள்ளிக்கு ஒற்றை இலை. நம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூட அது தெரியும். அந்த இலையை இத்துடன் வைத்திருக்கிறேன். மிச்ச வேரையெல்லாம் மீரா பீவி நின்று பார்க்கத் தோண்டியாயிற்று. இனி மண்ணில் கிடைத்த எதையும் அவளிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்றுவதில்லை.

உன்னை எனக்குத் தெரியும். இந்தத் தாளை எடுத்து ஒளித்துவிட்டு முன்தாள்களை மட்டும் மதரிடம் காட்டலாமா என்று யோசிப்பாய். வேண்டாம். இலையோடு சேர்த்து எல்லாவற்றையும் காட்டு. அதோடு இதையும் சொல். அன்று கொடியைப் பார்க்க மழையில் நனைந்து வேலிவரை போக வேண்டியிருந்தது. என் ஒருத்தி வயிற்றுக்குத்தானே என்று இருந்துவிட்டேன். இன்னொரு தட்டு போட்டிருந்தால் போயிருப்பேன்.

பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். அதில் வராவிட்டால் அடுத்த ரயிலுக்கும் நிற்பேன். தேவதாய் உங்கள் எல்லாரையும் காப்பாளாக. செல்லம் ரயிலேறும்போது, கைக்குள் எதையாவது பொத்தி வைத்திருக்கிறாளா என்று ஒருமுறை பிரித்துப் பார்த்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் சூசையம்மாள்