எங்க பாய்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஏ ஷிப்ட். கம்பெனி லைனில் சோல்டர் புகை, தலைவலி. மதியம் வக்கீலம்மா போன். தம்பி முத்துவின் அப்பீல் வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறதாம்.

வழிப்பறி கேஸ். மூன்று வருஷம் போட்டுவிட்டார்கள். பறிகொடுத்தவர் இருட்டில் முகம் பார்க்கவில்லை. செயின் முத்துவின் பாய்க்கு அடியில் இருந்ததாம், அவனே சொல்லி எடுத்துக் கொடுத்தானாம். போலீஸ் எழுதிய அந்த வாக்குமூலம்தான் மொத்த ஆதாரமும். கீழ்க்கோர்ட்டில் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பழைய வக்கீல் வாயே திறக்கவில்லை. ஃபீஸ் கேட்கும்போது மட்டும் திறந்த வாய்.

வாங்க: சோப்பு, கொசுவர்த்தி, முத்துவுக்கு பனியன்.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைப்பாக்கம். முத்து இருந்த ரூம். அந்தப் பாயில் இரண்டு பேர்: முத்து பகல் ஷிப்ட், செல்வம் நைட். ஒருவன் எழுந்தால் மற்றவன் படுப்பான். இங்கே எல்லா ரூமிலும் அப்படித்தான். சாட்சி சொல்ல வந்த ரூம் ஓனர் மட்டும் கோர்ட்டில் அதை மறந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னாமா பண்றது? நாலு பேருனு எழுதிக் குட்த்த ரூமு. எட்டு பேரு கீறாங்கன்னு நானே சொன்னா, என் வூட்டுக்குத்தான் சீலு."

இட்லி தின்றுகொண்டே சொன்னார். செல்வம் போன் சுவிட்ச் ஆஃப். தூ.

ஜூலை 10, வியாழன்

லீவ். கோர்ட் பாத்ரூம் பூட்டு. நாள் பூராவும் அடக்கிக்கொண்டு பெஞ்சில்.

வக்கீலம்மா ஒன்றைப் பிடித்திருக்கிறார். தமிழ் வாக்குமூலத்தில் "எங்க பாய்க்கு அடியில்" என்று இருக்கிறது. ஆங்கிலத் தீர்ப்பில் அது "என் பாய்" ஆகிவிட்டது. 'எங்க' என்றால் இன்னொருத்தரும் உண்டு, அவரைப் போலீஸ் தேடவே இல்லை என்று வாதாடினார்.

அரசு வக்கீல் எழுந்தார். "எங்க வீட்டம்மான்னு நானுந்தான் சொல்றேன். பங்காளி யாரும் இல்லீங்க ஐயா."

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜும். என் தம்பி வாழ்க்கைக்கு நடுவில் இந்த ஆளுடைய பெண்டாட்டி. அருவருப்பு.

சிரித்து முடித்து ஜட்ஜ் கேட்டார்: அந்த ரூமில் எத்தனை பேர் என்று யாராவது விசாரித்தீர்களா? அரசு வக்கீல் தாளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். தீர்ப்பு தள்ளிவைப்பு.

வெளியே வந்து வக்கீலம்மா, "அந்த 'எங்க'தாம்மா நம்ம உசுரு" என்றார். ஒரு டீ குடித்தேன். ஆறிப்போன டீ.

ஜூலை 12, சனி

நல்ல வெயில். ஜெயிலில் மனு போட்டு முத்துவைப் பார்த்தேன். பனியன் உள்ளே விட்டார்கள், முறுக்கை விடவில்லை. முத்து இளைத்திருக்கிறான். சந்தோஷப்படுவான் என்று 'எங்க' சங்கதியைச் சொன்னேன். முழித்தான்.

"எக்கா, நான் எப்போ அப்படிச் சொன்னேன்? வெறுந்தாள்ல கையெழுத்து வாங்கிட்டு அவங்களே எழுதிக்கிட்டாவ. செயினையே நான் கோர்ட்டுலதான் பாத்தேன்."

எனக்குத் தெரிந்ததுதான். பிடித்துக்கொண்டு போன அன்றைக்கே அழுதுகொண்டு சொன்னான். அந்த ஒரு வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் அதை மறந்தே போயிருக்கிறேன். எழுதிய போலீஸ்காரர் தன் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். மொத்தமும் பொய் என்று கத்தியபோது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. இப்போது அந்தப் பொய்யிலேயே ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறோம்.

"நான் அப்படிச் சொல்லலன்னு வக்கீலம்மாட்ட சொல்லட்டுமாக்கா?"

"வாயப் பொத்திக்கிட்டு இருல. நீ சொன்ன. எங்க பாய்னுதான் சொன்ன. எங்க, சொல்லு."

சொன்னான்.