என் சுமையைக் குறைத்த விதம்

ஜனவரி 11

இன்று காலை நிலவியல் துறை மாணவர்கள் களப்பயணம் கிளம்பினார்கள். பையன்கள் ஜீப்பிலும் வேனிலுமாகச் சண்டூர் மலைக்கு, பத்து நாள். பெண்கள் பல்கலைக்கழகப் பேருந்தில் ஊருக்கு வெளியே இருக்கும் கல்குவாரிக்கு. விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். குவாரியில் இருப்பது ஒரே வகைப் பாறை. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நம் பெண்கள் அதைத்தான் பார்த்துவருகிறார்கள். பாறைக்கே அலுத்திருக்கும்.

சுரங்க வேலை நேர்முகத்தில் முதல் கேள்வி, "மலையில எத்தனை நாள் இருந்திருக்கே?" போன வருடம் முதல் ரேங்க் வாங்கிய ரத்னவ்வா, "ஒரு நாள், சாப்பாட்டு இடைவேளை உட்பட" என்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது ஹூப்ளியில் ஒரு புடவைக் கடையில் பில் போடுகிறாள்.

துறைத் தலைவர் மட்டிகட்டியிடம் இந்த வருடமும் கேட்டேன். "பொண்ணுங்க விஷயம் மேடம். மலையில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவங்க அப்பாவுக்கு யார் பதில் சொல்றது?" பையன் உருண்டு விழுந்தால் அவன் அப்பாவுக்குப் பதில் தேவையில்லை போலும்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி தலைமை மாறுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருவர், பணிமூப்புப்படி. அடுத்தது நான். எனக்குப் பிறகு பேராசிரியர் உப்பின். இந்தத் துறையில் இதுவரை எந்தப் பெண்ணும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நாற்காலி எனக்கு வேண்டாம், அதன் முதுகு சரியில்லை. ஜீப்பும் களப்பயணத் திட்டமும் அந்த நாற்காலியோடு வருகின்றன. அவைதான் வேண்டும்.

அதற்குள் யாராவது ஏதாவது செய்வார்கள்.

ஜனவரி 27

செய்துவிட்டார்கள். என்ன என்றுதான் தெரியவில்லை.

துணைவேந்தர் என்னைப் பாலினச் சமத்துவக் குழுவின் தலைவியாக நியமித்திருக்கிறார். பியூன் ஆணையைக் கொண்டுவந்த கையோடு மட்டிகட்டி தார்வாட் பேடா பெட்டியோடு வந்தார். "நம்ம துறைக்கே பெருமை மேடம்!" இத்தனை வருடத்தில் இந்த மனிதர் எனக்குக் கொடுத்த முதல் இனிப்பு. பெட்டியை உப்பின் பக்கம் நகர்த்தி, அவர் சாப்பிட்ட பிறகுதான் நான் ஒன்றை எடுத்தேன்.

வீட்டில் சங்கண்ணாவிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டவர், பழகிப்போனவர். "கங்கா, நான் டீயில சர்க்கரை போட மறந்தாக்கூட, யார் சொல்லிப் போடலன்னு கேப்பே நீ."

யார் சொல்லி?

பிப்ரவரி 5

தெரிந்துவிட்டது. துணைவேந்தரிடம் என் பெயரைச் சொன்னவள் ஷாம்பவி கட்டிமனி. எங்கள் துறையில் என்னைத் தவிர இருக்கும் ஒரே பெண். வயதில் சின்னவள், மட்டிகட்டியிடம் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள். இப்போது குழுவின் செயலாளரும் அவள்தான். குரல் இனிமையாக இருக்கிறது என்று பல்கலைக்கழக விழா எல்லாவற்றிலும் மைக்கை அவள் கையில் கொடுத்துவிடுவார்கள். அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் பற்றி யாரும் எதுவும் சொல்லிக் கேட்டதில்லை.

முதல் கூட்டத்தில் "கங்கா மேடம்தான் இதுக்குச் சரியான ஆள்" என்று மூன்று முறை சொன்னாள். ஒரு முறை என்றால் மரியாதை. மூன்று முறை?

மார்ச் 8

மகளிர் தினம். எல்லாரும் ரோஜா நிறப் புடவை. ரங்கோலிப் போட்டி, எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம். நாற்காலிகளைப் பெண்கள் போட்டோம், ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண் தாயாகவும் தங்கையாகவும் மனைவியாகவும் இருப்பதாகத் துணைவேந்தர் கண்டுபிடித்துச் சொன்னார். பேராசிரியராக இருப்பது பற்றித் தகவல் இல்லை.

பெண் ஊழியர்களுக்கான ஓய்வறையும் இன்று திறக்கப்பட்டது. ரிப்பன், கைதட்டல், படம். பிறகு பூட்டினார்கள். ஆகஸ்டில் தர மதிப்பீட்டுக் குழு வரும்வரை அழுக்காகக் கூடாதாம்.

ஏப்ரல் 16

போன வாரமே எல்லாருக்கும் அனுப்பியிருந்த சமத்துவக் கொள்கை வரைவு இன்று குழுவில் விவாதத்துக்கு வந்தது. முழுக்க நான் எழுதியது. நன்றாகவே வந்திருக்கிறது, என் குறிப்பேட்டில் நானே சொல்லிக்கொள்வதில் தவறில்லை. குறிப்பாக ஏழாவது பிரிவு: "சமத்துவப் பணியை ஏற்கும் பெண் ஆசிரியர்மீது வேறெந்த நிர்வாகச் சுமையும் ஏற்றலாகாது." கட்டளைபோல் நிற்கிறது. பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தால் இலவச இணைப்பாக நாலு வேலை வரும். அதற்கு வைத்த பூட்டு.

மட்டிகட்டி சிறப்பு அழைப்பாளராக வந்து உட்கார்ந்திருந்தார். "ஏழாவது பிரிவு இருக்கே மேடம்... கண்ணு கலங்கிடுச்சு. ஒரு வார்த்தையக்கூட மாத்தாதீங்க." மனிதருக்கு மொழி தெரிகிறது. இதுவரை நான் கவனித்ததில்லை.

ஆனால் ஷாம்பவி! "மேடம், அந்த ஏழாவதை மட்டும் எடுத்துடலாமா?"

"ஏன்?"

ஒரு கணம் மட்டிகட்டியைப் பார்த்தாள். "சும்மா. தோணுச்சு."

சும்மா தோன்றுமா? தன் பழைய வழிகாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோன்றுமா? நான் இரட்டைச் சுமை சுமந்து நொந்துபோக வேண்டும் என்று யாரோ விரும்புகிறார்கள், இவள் வாய் வழியாகப் பேசுகிறார்கள். "அது இருக்கட்டும்மா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறகு என் அறைப் பக்கம் வந்தாள். நான் இல்லை என்று சொல்லும்படி அட்டெண்டரிடம் சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 17

போனில் ஷாம்பவி. எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

மே 22

ஆட்சிக்குழுவில் கொள்கை விவாதமே இல்லாமல் நிறைவேறியது. மட்டிகட்டி முன்மொழிந்தார், உப்பின் வழிமொழிந்தார். கழிப்பறைக்குக் கதவு கேட்டு நான் போட்ட தீர்மானத்தை இரண்டு கூட்டம் விவாதித்த அதே சபை. நாகரிகம் மெதுவாக வந்தாலும் வந்துவிடுகிறது.

வெளியே வந்தபோது துணைவேந்தர் அறை வாசலில் ஷாம்பவி காத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். நான் படியிறங்கிவிட்டேன். அங்கே அவளுக்கு என்ன வேலை?

ஜூலை 14

எழுதக் கை வரவில்லை.

பதிவாளர் ஆணை. "சமத்துவக் கொள்கை பிரிவு ஏழின்படி, பேராசிரியர் கங்காம்பிகா அவர்களின் சுமையைக் கருத்தில் கொண்டு, அவரைத் துறைத் தலைமையிலிருந்து விடுவித்து, அடுத்த மூப்புள்ள பேராசிரியர் உப்பின்..."

என் வாக்கியம். ஐயோ, என் வாக்கியம்! நானே செஞ்சு, நானே தீட்டி, நானே கையில குடுத்திருக்கேன். கண்ணு கலங்கிடுச்சாமே அந்த ஆளுக்கு! கலங்காம என்ன செய்யும், அடக்கிவச்ச சிரிப்புல கலங்கியிருக்கும். உலகத்துல இருக்குற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேனே, என்னைப் பாராட்டினவனை மட்டும் விட்டுட்டேனே —

துணைவேந்தரிடம் ஓடினேன். "உங்க விதிதானேம்மா? உங்களுக்குச் சிரமம் வேணாம்னுதானே?" சமத்துவக் குழுவை ராஜினாமா செய்கிறேன் என்றேன். "தாராளமா. வேற ஒருத்தர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கட்டும், அன்னைக்கே விடுவிக்கறேன். ஆகஸ்ட்ல மதிப்பீட்டுக் குழு வருது பாருங்க, அந்த இடம் காலியா இருக்கக் கூடாது."

உப்பின் தலைவரானால் இன்னும் இரண்டு வருடம் குவாரி. பிறகு எனக்கு ஓய்வு வயது.

ஜூலை 15

ஷாம்பவியின் அறைக்கு நானே போனேன். எதிரில் உட்காராமல் ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வரைவுக் கூட்டத்துக்கு முந்தின நாள் லேபுல இருந்தேன். மட்டிகட்டி சார் உப்பின் சார்கிட்ட, 'மேடம் தானே கதவைச் சாத்திக்கிட்டாங்க, நாம தாழ்ப்பாள் போட்டா போதும்'னு சொல்லிச் சிரிச்சார். மறுநாள் அவர் எதிர்லயே உக்காந்திருக்கும்போது நான் எப்படிச் சொல்றது?"

"தனியா சொல்லியிருக்கலாமே."

"போன் பண்ணேன், எடுக்கல. ரூமுக்கு வந்தேன். 'மேடம் இல்லைன்னு மேடமே சொல்லச் சொன்னாங்க'ன்னாரு அட்டெண்டர். துணைவேந்தர்கிட்டயும் போய்ப் பார்த்தேன். 'சின்னப் பொண்ணு, உனக்கெதுக்கு'ன்னுட்டார்."

இந்த அட்டெண்டர் பொய் சொல்ல லாயக்கில்லாதவர் என்பது எனக்கு முன்பே தெரியும்.

"என் பேரை ஏன் குழுவுக்குச் சொன்னே?"

"வேற யாரைச் சொல்றது? மத்தவங்களைப் போட்டா ரங்கோலியோட முடிஞ்சிரும். நீங்க சண்டை போடுவீங்கன்னு நினைச்சேன்." மேசையில் கிடந்த கல்லொன்றை உருட்டினாள். "என்னோட போடுவீங்கன்னு நினைக்கல."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

ஜூலை 19

இடத்தை ஏற்க ஆள் தேடினோம். வேதியியல் மேடத்துக்கு மகள் கல்யாணம். வரலாற்று மேடத்துக்கு முழங்கால். ஆங்கில மேடம் வெளிப்படையாகவே சொன்னாள்: "உங்க சுமையைக் குறைச்ச அழகைப் பார்த்துட்டேன். என்னுது அப்படியே இருக்கட்டும்." நியாயம்.

ஷாம்பவி தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். ஒருத்தியை வெளியே எடுக்க இன்னொருத்தியை உள்ளே தள்ளுவது எந்த ஊர்ச் சமத்துவம்?

ஜூலை 24

மட்டிகட்டி தலைமையிலிருந்து இறங்குவதற்குப் பாராட்டு விழா. ஏற்பாடு, வழக்கம்போல, பெண்கள் பொறுப்பு. என்னை வெளியே தள்ளியவருக்கு நானே மாலை வாங்க வேண்டும்! முடியாது என்று எழுதிக்கொடுக்கப் போனேன். ஷாம்பவி தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாமதான் செய்யணும் அக்கா. நல்லா, பெருசா செய்யணும். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடணும்."

முதல் தடவையாக அக்கா என்கிறாள். "என்ன பண்ணப்போறே?"

"ஜரிகைத் தலைப்பாகை சொல்லணும். அவர் தலை அளவு தெரியுமா?"

பழைய சந்தேகம் எட்டிப் பார்த்தது. மறுபடி அவர் பக்கம் சாய்கிறாளோ? 

ஜூலை 25

ராத்திரி முழுக்க இதே யோசனை. காலையில் போய்த் தலைப்பாகைக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 31

பதற்றத்தில் மேடையின் பக்கவாட்டிலேயே நின்றேன். சால்வை, மாலை, பழக்கூடை. பிறகு துணைவேந்தர் தன் கையாலேயே மட்டிகட்டியின் தலையில் ஜரிகைத் தலைப்பாகையை வைத்தார். படம் எடுத்தார்கள். நம் ஊரில் தலைப்பாகை வைத்த மனிதனால் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மேடையில் வாழ்த்தினால் ஏற்றுக்கொள்ள வேண்டும், புகழ்ந்தால் குனிய வேண்டும். மறுப்பது வைத்தவரை அவமதிப்பது.

ஷாம்பவி மைக்கைப் பிடித்தாள். அந்த இனிமையான குரல்.

"பெண்களோட சுமையை நினைச்சுக் கண் கலங்கின ஒரே ஆண், நம்ம மட்டிகட்டி சார்! தலைமைப் பொறுப்பு இறங்கின இந்த நிமிஷத்துல சார் சும்மா இருக்க விரும்பல. நாளையிலேர்ந்து சமத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்கப் பெரிய மனசோட முன்வந்திருக்காரு. சமத்துவம் பெண்கள் வேலை மட்டுமான்னு கேட்டு, நாட்டுக்கே வழிகாட்டுறாரு!"

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. ஆங்கில மேடம் விசில் அடித்தாள். அவளுக்கு அது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலி இடம் நிரம்பிய சந்தோஷத்தில் துணைவேந்தர் எழுந்து நின்றே தட்டினார். மட்டிகட்டியின் வாய் திறந்தது. தலைப்பாகை கொஞ்சம் சரிந்தது. கைகூப்பினார்.

கீழே இறங்கியதும் ஷாம்பவியிடம் வந்தார். "என்னம்மா இது? என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"அக்காவையும் யாரும் கேக்கல சார்."

சுமை குறைக்கும் பிரிவு பெண் ஆசிரியர்களுக்கு மட்டும்தான். ஆகவே மாணவர் விடுதியையும் விளையாட்டு விழாவையும் துணைவேந்தர் அங்கேயே அவர் தலையில் கட்டினார். என் மொழிநடையில் குறை இல்லை.

ஆகஸ்ட் 1

திருத்திய ஆணை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகு நிஜமாகவே சரியில்லை.

உப்பின் வந்து வாழ்த்தினார். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்." பாதியை நம்பினேன். எந்தப் பாதி என்று முடிவு செய்யவில்லை.

நவம்பர் 30

பெற்றோர் கூட்டம். மாணவிகளின் அப்பாக்கள் வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்து நாளா? மலையிலயா? பையங்களும் வர்றாங்களா?"

"வர்றாங்க. அவங்களுக்கும் பாறை தெரியாது."

"ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நான். என் வீட்டு விலாசம் எழுதிக்கோங்க."

பெரும்பாலோர் எழுதிக்கொண்டார்கள். மூன்று பேர் எழுதாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருத்தி வாசலில் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் மைக் பிடித்துச் செய்துவிட முடியாது.

டிசம்பர் 20, சண்டூர்

ஆறாவது நாள். எல்லார் முகத்திலும் இரும்புத் தாதின் செம்மண். யார் பெண் யார் பையன் என்று கிட்டே போனால்தான் தெரிகிறது. பெண்கள் சுத்தியலால் அடிக்கிற அடியைப் பார்த்தால் குவாரியில் கழித்த வருடங்களின் கோபம் போலிருக்கிறது.

மத்தியானம் மலை முகட்டில் மட்டும் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. மட்டிகட்டி. "ஒரே கூட்டம் மேடம், கூட்டத்துக்கு மேல கூட்டம். என்னோட சொந்த ஆராய்ச்சியெல்லாம் நின்னுபோச்சு. வீட்டுல முகம் பார்த்துப் பேச நேரமில்ல. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல." ஒரு பெண்ணின் குரலில் இதே வார்த்தைகளை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "சமத்துவக் குழுன்னு ஒண்ணு இருக்கு சார், மனு குடுங்க" என்றேன்.

இறங்கும்போது ஜீப்பை ஷாம்பவி ஓட்டினாள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. பின்னால் பெண்கள் உரக்கப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னும் என்மேல சந்தேகமா அக்கா?"

"உன்மேல இல்லடி. பிரேக் மேல."