பெரிய கிரைண்டர் ஓடுதா கண்ணு?

அக்கா, என் உசுரே,

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. வரும் சனிக்கிழமை என் கடைக் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வருகிறார். பெரியதா என்று கேட்காதே. பழைய சின்னதுதான். பெரியது என்று ஒன்று என் கடையில் எப்போதுமே இருந்ததில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, கண் திறக்கும்போதெல்லாம் நீ கேட்டது அதைத்தானே. "பெரிய கிரைண்டர் ஓடுதா கண்ணு?" "ஓடுதுக்கா, ஜம்முனு ஓடுது" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் இப்போது என்ன செய்ய?

கிரைண்டருக்கென்று நம் சுத்துப்பணத்தில் வாங்கிய கடன் பணத்தை உன் மருந்துக்குச் செலவழித்துவிட்டேன் அக்கா.

சோமனூரில் கடை வைத்துப் பிழைக்கிற பதினாறு பெண்களைச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சம் போடவைத்து, நீ ஆரம்பித்த பணம் அது. ஒருத்தி திருப்பிக் கட்டினால்தான் அடுத்தவளுக்குக் கடன். அந்த அயர்ன் கடையும் பூக்கடையும் என் மாவுக் கடையும் அப்படித்தான் வந்தன. "தொழிலுக்குத்தானுங்க. ஊட்டுச் செலவுக்குன்னா என்ர அப்பனே வந்து கேட்டாலும் கெடையாதுங்க" என்று கூட்டத்துக்குக் கூட்டம் அதிகாரம் பண்ணியவள் நீ. உன் வைத்தியத்துக்கென்று கேட்டிருந்தால் தந்திருப்பாயா? குழாயைப் பிடுங்கிப்போட்டு பஸ் ஏறியிருப்பாய்.

அதனால்தான் கேட்கவில்லை. அந்தப் பணத்தில் நமக்குக் கிடைத்தது பதினோரு நாள். மறுபடி அந்த நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். தப்பு என்று தெரிந்தே செய்வேன்.

ஆனால் வரிசையில் எனக்கு அடுத்து நிற்பது பூங்கொடி. உனக்குத் தெரியுமே, மில்லில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து முன்னறையில் தையல் போடுகிறவள். திருப்பூரிலிருந்து அவளுக்கு பனியன் ஆர்டர் வந்திருக்கிறது. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் இருந்தால்தான் தருவார்களாம். பழைய மிஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவள் என்னைக் கேட்கவில்லை அக்கா. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் கடைக்கு வருகிறாள். "ஏனுங்க அக்கா, சாப்டாச்சுங்களா?" என்கிறாள். கண் மட்டும் உள்ளே, பெரிய கிரைண்டர் இருக்க வேண்டிய மூலைக்குப் போய்த் திரும்புகிறது. ஒரு கிலோ மாவு வாங்கிக்கொண்டு "வாரேனுங்க" என்று கிளம்புகிறாள். இருபது நாளாகத் தினமும் ஒரு கிலோ. வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். யார் தின்பது அத்தனை இட்லியை?

கடனைக் கேட்க வாய் வராமல், காசு கொடுத்து மாவு வாங்கிப் புளிக்கவிடுகிறாள். நானும் வாய் திறக்காமல் அளந்து கொடுக்கிறேன். நம் ஊர் மரியாதை இருக்கிறதே, ஆளைக் கொல்லாமல் கொல்கிறது. நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனால் தாங்கிக்கொள்வேன்.

காரணத்தைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? "அக்காளுக்குச் செஞ்சதுங்களா? அப்ப உட்டுப்போடுங்க" என்பார்கள் எல்லோரும். முதலில் சொல்வது பூங்கொடியாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு மறுநாள் மில்லுக்குப் போவாள். மிஷின் கைவிட்டுப் போகும். நீ ஓடவிட்ட பணம் உன் பேரைச் சொல்லியே நின்றுபோகும்.

கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் விற்றால் வருவது என் கடனுக்குப் பத்தாது. மிஷின் அட்வான்ஸுக்குப் பத்தும். மிச்சத்தைக் கட்ட, மிஷின் வந்ததும் பூங்கொடி விட்டுவிடப்போகிற மில் ஷிஃப்டுக்கு நான் போகலாம் என்று இருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் மில்லில் சேர்த்துக்கொள்வார்களா? சேர்க்காவிட்டால் எதை வைத்துப் பிழைப்பேன்? பயமாக இருக்கிறது அக்கா. யாரிடம் சொல்வேன், நீயும் இல்லாமல்?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கட்டுகிறவள் தன் கையாலேயே அடுத்தவள் கையில் பணத்தை வைத்து "ஓடட்டுங்க" என்று சொல்ல வேண்டும். நீ வைத்த வழக்கம்தானே இது. யார் காத்திருந்தார்கள் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பாய்.

சத்தியமாகச் சொல்கிறேன். பணம் பூங்கொடி கையில் ஏறி, அவள் விரல்களை நானே மடக்கி மூடிய பிறகுதான் உன் பேரைச் சொல்வேன். அதுவரை என்னை என்ன பேசினாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

"ஓடட்டுங்க" என்று சொல்ல மட்டும் எனக்குக் குரல் வர வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் வந்து நில் அக்கா.

உன்னிடம் ஒரே ஒரு பொய் சொன்ன தங்கச்சி,
ஈஸ்வரி