எறும்பு மொய்த்த மரத்தூள்

அம்மா,

உன் போனுக்குச் சிக்னல் இல்லை. அதனால் கண்டக்டர் குமார் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த ஆராய்ச்சிக் கூடத்தில் சர்க்கரை நோய் வரும் எலிகளை வளர்க்கிறார்கள். கூண்டு கழுவுவது நான். நோய் வந்த எலி பாட்டில் தண்ணீரெல்லாம் குடித்துவிட்டு, கூண்டில் பரப்பிய மரத்தூளை மூத்திரத்தால் நனைத்து வைக்கும். அந்த நாற்றத்துக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்காது. மரத்தூளை வெளியே கொட்டினால் எறும்பு மொய்க்கும்.

இன்று குமார் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்கம்மா சுவாதிய ஆட்டுப்பட்டியில படுக்க வெக்குது. சொம்பு சொம்பா தண்ணி குடிச்சிட்டுப் பாயை நனைக்கிறாளாம். வுட்டா எறும்பே அவளத் தூக்கிட்டுப் போயிரும்!"

எனக்கு உடனே அந்த எலிக் கூண்டுதான் நினைவுக்கு வந்தது. என் தங்கச்சியை, ஏழு வயசுப் பிள்ளையை, நாறுகிறாள் என்று வெளியே தள்ள உனக்கு எப்படி மனசு வந்தது?

இங்கே வாயே திறக்காத நான் போய் கூடத்து டாக்டரிடம் கேட்டேன். கிருமியோடு சண்டை போட வேண்டிய ரத்த அணுக்களே, உடம்பில் இன்சுலின் சுரக்கும் இடத்தை அழித்துவிடுமாம். பிள்ளைகளுக்கும் அப்படி வருமாம். "பார்த்தாத்தான் தெரியும். ஆனா அதுவா இருந்தா, ஊசி போடலைன்னா உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொல்லும்மா" என்றார்.

இந்தப் பஸ் திரும்பும்போதே அவளை ஏற்றிக்கொண்டு வா. தண்ணீர் கேட்டால் கொடு, திட்டாதே. சீட் நனைந்தால் நனையட்டும். பஸ் ஸ்டாண்டில் நான் வாளியோடு நிற்கிறேன்.

உன் பெரியவள்